கறையான்களின் கலப்பு மணம்

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைக் காணாத தமிழர் இலர். அமெரிக்காவின் ப்ளோரிடா ராஜ்யத்திலே அந்த ஈசல் பறக்கும் காலமே இன்று ஒரு பெரிய விவகாரமாய் முடிந்திருக்கிறது.

அங்கே அந்நியக் கறையான்கள் இருவகை குடியேறியுள்ளன. ஒன்று, தைவானின் பழம் பெயரால் பார்மோசாக் கறையான் என வழங்குவது. மற்றொன்று தென்கிழக்கு ஆசியாவின் உஷ்ணப் பிரதேசத்தைச் சேர்ந்தது. படகுகளிலும் சரக்குகளிலும் ஒளிந்து கடல் கடந்த இவ்விரண்டும் மனிதனுக்கு மிகுந்த நஷ்டம் விளைப்பவை.

ஒரே ஊரில் வசித்தும் இவை நெடுநாள் கலவாதிருந்தன. ஆசியக் கறையானின் ஈசல் பிப்ரவரியில் புறப்படும். பார்மோசாவினது பெரும்பாலும் ஏப்ரலுக்குப் பின்னரே கிளம்பும். காலமே இரண்டுக்கும் நடுவே வேலி. 2013, 2014-ஆம் ஆண்டுகளில் அவ்வேலி சரிந்தது. இரு ஈசல்களும் ஒரே மாலையில் பறந்தன. குளிர்காலம் முன்போல் குளிராமையும் இதற்கு ஒரு காரணமாகலாமென்பது ஆராய்ந்தோர் கருத்து.

அவர்கள் 2015-இல் வெளியிட்ட செய்தி இன்னும் விசித்திரமானது. ஆசிய ஆண்கள் சொந்த இனத்துப் பெண்களை விடுத்துப் பார்மோசாப் பெண்களையே நாடினவாம்! பரிசோதனைச் சாலையில் இக்கலப்புக் குடும்பங்கள் பெற்றோர் இனங்களினும் விரைவாய்ப் பெருகின. 2021 முதல் போர்ட் லாடர்டேல் நகரில் கலப்பு ஈசல்களே வெளியில் அகப்பட்டு வருகின்றன. பரிசோதனைச் சாலையில் எழுந்த சந்தேகம் இவ்வாறு வீதிக்கு வந்துவிட்டது.

கலப்புச் சந்ததி மலடாய்ப் போகக்கூடுமே, அஞ்சுவானேன் என்று கேட்பாருண்டு. கோவேறு கழுதை மலடுதான். அதனால் அது சுமை சுமவாதிருக்கிறதா? கறையான் குடும்பமொன்று 20 ஆண்டு வரையிலும் வாழும், இலக்ஷக்கணக்காய்ப் பெருகும். உத்திரத்தைத் தின்பவை மலடாயினும் உத்திரம் தின்னப்பட்டதே யாகும்.

பூமியின் வெப்பத்தைத் தணிப்பது பல தேசங்கள் கூடிச் செய்யவேண்டிய காரியம், நாளையே நடவாது. படகுகளின் விஷயம் அப்படியன்று. போர்ட் லாடர்டேல் உல்லாசப் படகுகள் நிறைந்த துறை. இரவில் அவற்றின் விளக்குகளை நாடி ஈசல் இறங்குகிறது. படகு வேறு துறைக்குப் புறப்படுகிறது. ஈசல் பறக்கும் மாதங்களில் அத்துறையின் விளக்குகளைக் குறைக்கவும், வெளியேறும் படகுகளைச் சோதிக்கவும் அதிகாரிகள் ஏற்பாடு செய்தால் அதற்குப் பெருஞ்செலவு பிடியாது. அப்படகுகள் சென்று சேரும் கரீபியத் தீவுகளின் சர்க்கார்கள் இதனை இப்போதே கேட்டு வாங்குவது உசிதமென்பது நமது அபிப்பிராயம்.