இந்தூர் தந்த முஷ்தாக் அலி



அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் மண்டபத்தூர்க் கடற்கரை மணலில் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக இறங்கிவிடுகின்றனர். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஆட்டந்தான். ஆஸ்திரேலிய வீரர்களின் பெயர்களெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சையது முஷ்தாக் அலி யார் என்று கேட்டால், "அது கோப்பையின் பெயராயிற்றே!" என்கின்றனர். கோப்பைக்குப் பெயராகும் முன்பு அவர் எப்படிப்பட்ட மனிதராக வாழ்ந்தார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

1914இல் இந்தூரில் பிறந்த அவரை, இளமையிலேயே இனங்கண்டு வளர்த்தவர் சி.கே. நாயுடு. 1934 ஜனவரியில், 19ஆம் வயதில், கல்கத்தாவில் முதல் டெஸ்ட் ஆடினார். அன்று அவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். பின்னரே தொடக்க ஆட்டக்காரரானார். வேகப்பந்து வீச்சாளரையும் எதிர்கொண்டு நடந்து சென்று அடிக்கும் துணிச்சல்காரர்.

அக்காலத்தில் பம்பாயில் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி எனச் சமயவாரியாக அணிகள் மோதின. முஷ்தாக் முஸ்லிம் அணியில். விஜய் மெர்ச்சன்ட் ஹிந்து அணியில். இவ்விருவரும் 1936 ஜூலையில் மான்செஸ்டரில் இந்தியாவுக்காக ஒன்றாகக் களமிறங்கினர். 368 ரன் பின்தங்கிய நிலை. அணித்தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமாருக்கோ மெர்ச்சன்ட்டைப் பிடிக்காது. அவரை ரன் அவுட் ஆக்கிவிடும்படி முஷ்தாக்கிடம் அவர் சொன்னதாகக் கிரிக்கெட் நூல்கள் பேசுகின்றன. முஷ்தாக் அதை ஒளிக்காமல் மெர்ச்சன்ட்டிடமே சொல்லிவிட்டார், இருவரும் சிரித்துக்கொண்டனராம். பிறகு சேர்ந்து எடுத்தவை 203 ரன்கள்! முஷ்தாக் 112, மெர்ச்சன்ட் 114. அயல்மண்ணில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்தாக்கினுடையதே. தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் சமனில் முடிந்தது. தலைவர் சொல்லுக்குத் தலையாட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்?

போர் வந்து டெஸ்ட் ஆட்டங்களை விழுங்கியது. அவருடைய நல்ல வயதும் அதில் போயிற்று. ஆயினும் மக்கள் அவரை மறக்கவில்லை. 1945இல் ஆஸ்திரேலியப் படைவீரர் அணி கல்கத்தா வந்தபோது அவரை அணியில் சேர்க்காமல் விட்டனர். "முஷ்தாக் இல்லையேல் டெஸ்ட் இல்லை" என்று கூட்டம் கிளம்பிவிட்டது, தேர்வாளர்கள் பணிந்தனர். மறு ஆண்டே வகுப்புக் கலவரத்தால் பற்றியெரிந்த நகரம் அது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பிரிவினைக்குப் பிறகும் அவர் இந்தூரை விட்டுப் போகவில்லை. அதே கல்கத்தாவில் 1948-49 பருவத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 106 எடுத்தார்.

கடைசி டெஸ்ட் நம் சென்னையில், சேப்பாக்கத்தில், 1952 பிப்ரவரியில் நடந்தது. அதில் அவர் எடுத்தவை 22 ரன்களே. ஆனால் வினு மன்கட் 12 விக்கெட் வீழ்த்த, இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அந்த ஆட்டத்தில்தான். 18 ஆண்டுகளில் அவருக்கு வாய்த்தவை வெறும் 11 டெஸ்ட்கள். எடுத்தவை 612 ரன்கள். 1964இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2005இல், தாம் பிறந்த இந்தூரிலேயே, 90 வயதில் காலமானார்.