பத்திரமான ஊர்தானா? கணக்கை மட்டும் பார்க்காதீர்கள்!



"மாப்பிள்ளை இங்கிலாந்திலே. பட்டணம் இல்லை, சின்ன கிராமமாம். ஊர் பத்திரமான ஊர்தானா?"

மகளின் பிரசவத்துக்காகப் போய், இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஒரு சிற்றூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா? அன்றிலிருந்து பெண்ணைப் பெற்ற தாய்மார்கள் பலர் என்னைக் கேட்கும் கேள்வி இதுதான். சிலர் பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். "பையன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான் மாமி, அந்த ஊரில் குற்றமே இல்லையாம்!"

பார்த்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் எது வருகிறது, எது வராது என்று தெரியாமல் நிம்மதிப்படுவதும் தப்பு, பயப்படுவதும் தப்பு. நான் அங்கே பார்த்ததையும் விசாரித்ததையும் இந்த இதழில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2011-ஆம் வருஷத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் குற்றங்களைப் போலீஸ் இலாகா தெருவாரியாக வரைபடத்தில் போட்டு இன்டர்நெட்டில் வெளியிடுகிறது. நம் பின்கோடு மாதிரி அங்கே 'போஸ்ட் கோடு' உண்டு. அதைத் தட்டினால் போதும், அக்கம்பக்கத்தில் அந்த மாதம் என்ன நடந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடு புகுந்து திருட்டு, வண்டித் திருட்டு, சைக்கிள் திருட்டு, அடிதடி என்று மொத்தம் 14 பிரிவுகள்.

இதில் ஒரு சங்கதி. பாதிக்கப்பட்டவர் யார் என்று ஊருக்குத் தெரியக் கூடாதே என்பதற்காக, குற்றம் நடந்த வீட்டிலேயே புள்ளி வைக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு பொது இடத்தில் வைப்பார்கள். ஆகவே நம் பெண் குடியிருக்கும் தெருவில் புள்ளி இருக்கிறதே என்று அலற வேண்டாம்.

இன்னொன்று, 'ஆயிரம் பேருக்கு எத்தனை குற்றம்' என்று சொல்லும் விகிதம். ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பேர் இருக்கும் ஊரில் ஒரு வருஷத்துக்கு 5 குற்றம் என்றால் ஆயிரத்துக்கு 10. மறு வருஷம் எவனோ ஒருவன் ஒரே ராத்திரியில் ஐந்து தோட்டக் கொட்டகைகளின் பூட்டை உடைத்து, புல்வெட்டும் மெஷினையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு போகிறான். மொத்தம் 10 ஆகிவிட்டது. விகிதம் ஆயிரத்துக்கு 20! "குற்றம் இரு மடங்கு" என்று கேட்டால் நெஞ்சு பதறும். நடந்ததோ ஒருவன் ஒரு ராத்திரி செய்த வேலை. பட்டணத்துக்குச் சரிப்படும் விகிதம் பட்டிக்காட்டுக்குச் சரிப்படாது.

அந்த ஊர்க் கிராமங்களில் என்னதான் திருடு போகும் என்கிறீர்களா? பல கிராமங்களுக்குக் குழாய் காஸ் கிடையாது. குளிருக்கு வீட்டைச் சூடாக்க, தோட்டத்தில் பெரிய தொட்டி வைத்து எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். ராத்திரி வந்து அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போகிற கூட்டம் உண்டு. விவசாயிகளிடம் டிராக்டரில் பொருத்திய வழிகாட்டிக் கருவியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். நம்மவர் வீடு என்றால் குறி ஒன்றுதான்: நகை! இந்தியக் குடும்பங்கள் வீட்டில் தங்கம் வைத்திருப்பார்கள் என்பது அந்தத் திருடர்களுக்கும் தெரிந்த விஷயம். தீபாவளி சமயத்தில் போலீஸாரே நம்மவர்களுக்கு எச்சரிக்கை விடுகிறார்கள். தாலிக்கொடி, ஒரு ஜோடி வளையல் போக மீதியை இங்கே லாக்கரில் வைத்துவிட்டு அனுப்புங்கள். 'பெண் வெறும் கழுத்தோடு போகிறாளே' என்று சம்பந்தி வீட்டார் சொன்னால் சொல்லட்டும்.

இனி ஊர்க் காவல். செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் மாலிங்டன் என்று ஒரு கிராமம். 1980களின் தொடக்கத்தில் அங்கே வீடு புகுந்து திருடுவது அதிகமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். அமெரிக்காவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்து, போலீஸாரின் ஒத்துழைப்போடு 1982-ல் தாங்களும் ஆரம்பித்தார்கள். பிரிட்டனிலேயே முதல் 'நெய்பர்ஹுட் வாட்ச்' அதுதான். இன்று இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் அது பரவியிருக்கிறது.

தடியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரோந்து போவது என்று நினைத்துவிடாதீர்கள். நம் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் செய்ததைத்தான் இவர்கள் சங்கம் வைத்துச் செய்கிறார்கள். பக்கத்து வீட்டார் ஊருக்குப் போனால் தபாலை உள்ளே எடுத்துப் போடுவது, குப்பைத் தொட்டியை இழுத்து வைப்பது, முன்பின் தெரியாத வேன் தெருவில் ரொம்ப நேரம் நின்றால் நம்பரைக் குறித்துக்கொள்வது, இவ்வளவுதான். திருடனை யாரும் துரத்திப் பிடிக்கக் கூடாது. கண்ணால் பார்த்ததைப் போலீஸுக்குச் சொன்னால் போதும்.

இதற்கு அவசியமும் இருக்கிறது. அங்கே பல கிராமங்களில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. பழைய நாளில் ஊருக்குள்ளேயே குடியிருந்த போலீஸ்காரர் இப்போது இல்லை. 2002-ஆம் வருஷச் சட்டப்படி வந்த 'சமூக உதவிக் காவலர்' ஒருவர் பல ஊர்களுக்குச் சேர்த்து வந்து போவார். ஊர் மன்றக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து குறை கேட்பார். அவசரத்துக்குப் போலீஸ் பட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். அதுவரை துணை அடுத்த வீடுதான்.

என் மகளின் எதிர் வீட்டில் எண்பது வயது அம்மாள் ஒருத்தி தனியாக இருந்தாள். அந்த ஊரில் எவ்வளவு வயதானாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு வருமா? 'ஆன்ட்டி' என்றே கூப்பிட்டேன். அவளுக்கும் பிடித்துப் போயிற்று. ஒரு நாள் இரண்டு பேர் வந்து, "உங்கள் கூரையில் ஓடு நழுவியிருக்கிறது, இன்றைக்கே சரி செய்யாவிட்டால் மழை உள்ளே இறங்கும், பணத்தை ரொக்கமாகக் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு என் மகளுக்குப் போன் போட்டாள். "ஒரு நிமிஷம் இருங்க ஆன்ட்டி, இதோ வரேன்" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு இவள் வாசலில் போய் நின்றதுமே அவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடு ஒன்றும் நழுவவில்லை.

தகவலைப் போலீஸுக்குச் சொன்னார்கள். ஆனால் இந்த மாதிரி ஏமாற்று வேலையும், டெலிபோனில் 'பாங்கிலிருந்து பேசுகிறோம்' என்று பணம் பறிப்பதும் நான் சொன்ன வரைபடத்தில் வருவதில்லை. மோசடிக்கு அந்த 14 பிரிவுகளில் இடமே இல்லை! இத்தனைக்கும், வீடு வீடாகப் போய் மக்களைக் கேட்டு அரசாங்கம் எடுக்கும் சர்வேயில், மற்ற எந்தக் குற்றத்தையும் விட மோசடிதான் அதிகமாக வருகிறது.

வரைபடத்தில் தெரியாத இன்னொன்று இருக்கிறது, சகோதரிகளே. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அங்கே ஓர் இந்தியக் கடையில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி பழக்கமானாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவள் ஊரையோ வேறு அடையாளத்தையோ நான் எழுதப் போவதில்லை. அழகான கிராமம், வாசலெல்லாம் பூச்செடி. ஒரு நாளைக்கு இரண்டே பஸ். கார் சாவி புருஷன் கையில். போன் அவன் கையில். பாங்குக் கணக்கும் அவன் பேரில். ஏதாவது கேட்டால் அடி. "விசாவை ரத்து பண்ணி அனுப்பிடுவேன்" என்று மிரட்டல். "பக்கத்து வீட்டிலே சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். "பக்கத்து வீடே அரை மைல் தள்ளி ஆன்ட்டி" என்றாள். போலீஸின் கணக்கில் அந்த ஊருக்கு அந்த மாதம் என்ன எண் தெரியுமா? பூஜ்யம்.

அவள் சொன்னால்தானே கணக்கில் ஏறும்?

கிராமப்புறக் குற்றங்களை ஆராயும் அமைப்பு ஒன்று 2019-ல் இங்கிலாந்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பட்டணத்துப் பெண்களில் எத்தனை பேர் வீட்டுக் கொடுமையைப் போலீஸில் சொல்கிறார்களோ, கிராமத்துப் பெண்களில் அதில் பாதிப் பேர்தான் சொல்கிறார்களாம். கொடுமை நீடிக்கும் காலமும் கிராமத்தில் சுமார் 25 சதவீதம் அதிகமாம். ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 'அவரா? தங்கமான மனுஷர் ஆச்சே' என்பார்கள். வாயைத் திறக்க யாருக்குத் தைரியம் வரும்?

சட்டம் அங்கே பலமாகத்தான் இருக்கிறது. அடித்தால்தான் குற்றம் என்பதில்லை. பணம் தராமல், வெளியே விடாமல், யாரோடும் பேச விடாமல் ஒருத்தியை ஆட்டிப் படைப்பதே குற்றம் என்று 2015-ல் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே 'கிளேர் சட்டம்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. கிளேர் வுட் என்ற பெண் 2009-ல் தன் முன்னாள் காதலனால் கொலையுண்டாள். அவன் அதற்கு முன்பும் பெண்களைக் கொடுமைப்படுத்தியவன். அவளுக்கு அது தெரியாது. அவளுடைய தகப்பனார் விடாமல் போராடினார். 2014 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும், 'இந்த மனிதர்மேல் பழைய வன்முறைப் புகார் உண்டா?' என்று ஒரு பெண் தன் துணைவரைப் பற்றிப் போலீஸில் விசாரிக்கலாம். அவளுக்காகத் தாயாரோ தோழியோகூடக் கேட்கலாம். போலீஸார் ஆராய்ந்து, அவசியம் என்று பட்டால் அந்தப் பெண்ணிடம் சொல்வார்கள்.

அந்தக் கடைப் பெண்ணுக்கு ஒரு டெலிபோன் நம்பரை மளிகை பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். "பில்லை வீட்டுக்குக் கொண்டு போகாதே, மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன். மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் போனிலிருந்து அந்த நம்பருக்குப் பேசிவிட்டாள். இன்று குழந்தையோடு வேறு ஊரில் இருக்கிறாள். சின்ன வேலை ஒன்றும் கிடைத்திருக்கிறது.

ஆகவே இங்கிலாந்துக்குப் பெண்ணை அனுப்பும் தாய்மார்கள், ஊறுகாய் ஜாடியோடு இவற்றையும் கொடுத்து அனுப்புங்கள்:

* ஆபத்தென்றால் 999. அவசரமில்லாத புகாருக்கு 101.

* பேச முடியாத நிலைமையா? செல்போனிலிருந்து 999 அடித்து, கேட்கும்போது இருமினாலோ போனைத் தட்டினாலோ போதும். அதுவும் முடியாவிட்டால், சொல்லும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்புக் கொடுப்பார்கள். சாதாரண வீட்டுப் போனில் 55 வேலை செய்யாது.

* வீட்டுக் கொடுமைக்கு 0808 2000 247. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். இங்கிலீஷ் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசலாம்.

* பாஸ்போர்ட், விசா தாள்களின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பெண்ணுக்கென்று தனி பாங்குக் கணக்கும், அவள் பேரில் ஒரு போனும் அவசியம். கார் ஓட்டவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ் இல்லாத ஊரில் அதுதான் கால்.

* வாசலில் வந்து அவசரப்படுத்துகிறவனுக்குக் கதவைத் திறக்க வேண்டாம். கார் சாவியை வாசல் கதவின் தபால் துவாரத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம். கம்பி விட்டு எடுத்துவிடுவார்கள்.

* போன முதல் வாரமே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு முறுக்கோ கேசரியோ கொண்டு போகச் சொல்லுங்கள். பேரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வரட்டும்.

மகளோடு போனில் பேசும்போது 'ஊர் அமைதியாக இருக்கா?' என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "இன்றைக்கு யாரோட பேசினே? எங்கே போய் வந்தே?" என்று கேளுங்கள். நாலு நாள் சேர்ந்தாற்போல் 'யாரோடும் இல்லேம்மா, எங்கேயும் போகலே' என்று பதில் வந்தால், மேற்கொண்டு விசாரியுங்கள்.