எதிர்வீட்டு வாசலும் நம் வீட்டுக் கேமராவும்

“இன்னாமா, நான் குந்தினு இருக்கறது உன் போன்ல தெரியுதாமே?”

ராயபுரத்தில் எங்கள் சந்தில் எதிர்வீட்டு ஆயா இப்படிக் கேட்டபோது, எங்கள் வாசலில் வீடியோ காலிங் பெல் மாட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவர், மீன் ஆய்கிறவர். அந்தப் படியில் அவர் கூச்சப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

உள்ளே போய்ப் போனைத் திறந்தேன். முந்தைய நாள் மட்டும் 47 பதிவுகள். எங்கள் மணியை அழுத்தியவர்கள் மூன்றே பேர். மீதியெல்லாம் ஆயா எழுந்தது, உட்கார்ந்தது, பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டியது, குழாயடியில் குடத்துக்கு நடந்த வாய்த்தகராறு. தகராறில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது. திருட்டுப் பயத்துக்கு மாட்டிய கருவி, பத்து நாளாக எங்கள் தெருவை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. நான் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவேன். முழங்கால் தேய்ந்த மாமியார் மாடியில் தனியாக இருக்கிறார். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் அவசர அவசரமாகப் படியிறங்க வேண்டியிருந்தது. இப்போது ஆபீசில் இருந்தபடியே, “அண்ணே, கொஞ்சம் இருங்க, அம்மா வர்றாங்க” என்று சிலிண்டர்காரரிடம் சொல்ல முடிகிறது. இரவுப் பணிக்குப் போகும் ஆண்களும் பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் நிறைந்த திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது ஆடம்பரப் பொருள் இல்லை.

மாட்டுவதிலும் நம் ஊருக்கென்று சில பாடுகள் உண்டு. எலக்ட்ரீசியன் தம்பி டிரில் வைத்ததும் காரை பொலபொலவென்று கொட்டியது. கடற்கரைச் சுவர், உப்பு பூத்து உள்வரை ஊறிப்போனது. கூட வந்த ஸ்க்ரூவை ஓரமாக வைத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூ வாங்கி வரச் சொன்னார். நம் வீடுகளின் பழைய மணி 230 வோல்ட்டில் நேரடியாக ஓடுவது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை குறைந்த வோல்ட்டில் வேலை செய்பவை. பழைய ஒயரை அப்படியே இதில் கொடுத்தால் அந்த நொடியே கருகிவிடும். பேட்டரி வகை என்றால் அந்தக் கவலை இல்லை. இரண்டு வாரத்தில் லென்ஸின்மேல் உப்பும் லாரிப் புகையும் சேர்ந்து ஒரு படலம் படியும். இருட்டில் கருவி விடுகிற அகச்சிவப்பு ஒளி அந்தப் படலத்திலேயே பட்டுத் திரும்புவதால் வருகிறவர் முகம் வெள்ளைப் புகையாகத் தெரியும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் அதிலுள்ள துகள் கண்ணாடியைக் கீறிவிடும்.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்கிற காரியம். ஆயா கேட்ட கேள்வி அப்படித் தீரவில்லை.

அந்தக் கருவியின் பிறப்பிடத்தை நினைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். அமெரிக்காவில் ஜேமி சிமினாஃப் ‘டோர்பாட்’ என்ற பெயரில் தொடங்கி, 2013-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதலீடு கேட்டு நின்ற நிறுவனம் பிறகு ‘ரிங்’ ஆனது. 2018-இல் அமேசான் அதை வாங்கியது. வீட்டுக்கு முன்னால் புல்வெளி, கார் நிறுத்தும் பாதை, அதற்கப்பால் தெரு என்று அமைந்த வீடுகள் அவர்களுடையவை. அங்கே 160 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும் லென்ஸ் பெரும்பாலும் சொந்த மண்ணைத்தான் பார்க்கும். எங்கள் சந்தில் கதவுக்கும் எதிர்க்கதவுக்கும் நடுவே எட்டடி. இங்கே அதே லென்ஸ், மாட்டியவரின் படி ஒன்றையும் மற்றவர்களின் படி ஆறேழையும் பார்க்கிறது.

அந்தப் படிகளை வெளியிடம் என்று கணக்கு வைப்பது வடசென்னையை அறியாதவர் செய்வது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் இடத்தில் வாசல்தான் கூடம். தலை பின்னுவது அங்கே, வலை சீர்பார்ப்பது அங்கே, பிள்ளைகள் பாடம் படிப்பது அங்கே. சித்திரை வெயிலில் கரண்ட் போன இரவுகளில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். ஆகவே அதன்மேல் இரவு பகலாக விழித்திருக்கும் லென்ஸ், பிறர் கூடத்துக்குள்ளும் படுக்கைக்குள்ளும் பார்க்கிற லென்ஸ்தான். கேட்டு மாட்டினோமா என்றால், இல்லை. நானும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவே விலக்கு அளித்துவிட்டது. என் போனில் இருக்கும் ஆயாவின் பத்து நாள் வாழ்க்கை, சட்டத்தின் கண்ணில் என் வீட்டுத் தேவை என்றே வாதிடலாம்.

ஐரோப்பாவிலும் இதே விலக்கு உண்டு. அங்கே ‘முழுக்க முழுக்க’ வீட்டுத் தேவையாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. செக் நாட்டில் ஒருவர், வீட்டு ஜன்னல்களை யாரோ உடைத்ததால் கேமரா மாட்டினார். அது தெருவையும் எதிர்வீட்டு நுழைவாயிலையும் சேர்த்துப் பார்த்தது. உடைத்தவர்கள் அதில் சிக்கவும் செய்தார்கள். ஆனாலும் கேமரா பொதுத் தெருவைப் பார்ப்பதால் அது முழுக்க வீட்டுத் தேவை ஆகாது, தரவுச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது. கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை. வீட்டைக் காக்கும் நியாயமான தேவையையும் எடைபோட இடம் விட்டு, கணக்குக் கொடு என்றது. ‘முழுக்க முழுக்க’ என்ற அந்த ஒரு சொல் நம் சட்டத்திலும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் திரும்பாமலும் இல்லை. ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களில் ஒருவர், மற்றவர் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதியில் கேமரா வைத்த வழக்கில், அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அது ஒரே கூரைக்குக் கீழ் வாழ்கிறவர்களின் வழக்கு. எட்டடிச் சந்துக்கு அந்த நியாயம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

படத்தைவிட ஒலியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இங்கிலாந்தில் பக்கத்து வீட்டாரின் கேமராக்களை எதிர்த்து ஒரு பெண் போட்ட வழக்கில், 2021 அக்டோபரில் ஆக்ஸ்ஃபர்ட் நீதிமன்றம், படப்பதிவைக் காட்டிலும் ஒலிப்பதிவே கூடுதல் சிக்கல் என்று கருதியது. அந்தக் கருவி 40 அடிக்கு அப்பாலும் பேச்சைப் பிடிக்க வல்லது என்பது அங்கே பேசப்பட்டது. அந்த 40 அடியை எங்கள் சந்தில் அளந்து பாருங்கள். ஒரு வீட்டின் முகப்பு 12 அடி என்றால் இரு பக்கமும் இரு வரிசையிலுமாக ஒரு டஜன் வீடுகளின் பேச்சு என் போனுக்குள் வந்துவிடும். கடன்காரருக்குச் சொன்ன சாக்கு, மருமகள் அம்மாவிடம் போனில் அழுதது, எல்லாமும்.

அது என் போனோடு நிற்பதும் இல்லை. பெரும்பாலான கருவிகளில் பதிவு ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காருகிறது. ரிங் நிறுவனம் தன் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க இடங்கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டி, 58 லட்சம் டாலர் கட்ட வைத்தது. கருவிக்குள்ளேயே மெமரி கார்டில் பதிகிற மாதிரிகள் ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே கேட்டு வாங்கலாம்.

இன்னும் பெரிய ஆபத்து நம் விரல் நுனியில் இருக்கிறது. வாசலில் ஒரு புதுமுகம் நின்றால், “இவர் யார்னு தெரியுமா?” என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட ஒரு நொடி போதும். 2018 மே மாதம், எண்ணூருக்கு வடக்கே இதே கடலோரத்தில் பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மனநலம் சரியில்லாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் யாருடைய பிள்ளையையும் தொட்டிருக்கவில்லை. அப்போது பரவியது எங்கிருந்தோ வந்த வீடியோக்களும் குரல்பதிவுகளும். இன்றைக்கு நம் வாசலிலேயே எடுத்த, நம் தெருப் பெயரும் நேரமும் போட்ட படம் கையில் இருக்கிறது. வடநாட்டிலிருந்து வந்து இங்கே யார்டுகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் பையன்கள் வாடகைக்கு வீடு கேட்டுத் தெருத்தெருவாக நடக்கிறார்கள். தயங்கித் தயங்கி நிற்கும் முகம் கேமராவில் சந்தேக முகமாகத்தான் தெரியும். அந்தப் படத்தைக் குழுவில் போட யாருக்கும் உரிமையில்லை. சந்தேகம் உண்மையென்றால் காவல் நிலையத்தில் கொடுங்கள், அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும்.

சென்னைக் காவல்துறை 2017 முதல் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கேமரா மாட்டச் சொல்லி மக்களையும் வணிகர்களையும் ஊக்குவித்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று 2021-இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உலகிலேயே முதலிடம் சென்னைக்கு. மாட்டச் சொன்னவர்களுக்கு எங்கே பார்க்கும்படி மாட்டக் கூடாது என்று சொல்லும் பொறுப்பும் இருக்கிறது. ஒரு பக்கத் துண்டறிக்கை போதும்: லென்ஸ் பிறர் கதவைப் பார்க்கக் கூடாது, தெருவுக்குத் தெரியும்படி அறிவிப்பு வேண்டும், பதிவு இத்தனை நாளில் அழிய வேண்டும். விற்கிறவர்களும் ஒலிப்பதிவை அணைத்த நிலையிலேயே பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்கிறவர் போட்டுக்கொள்ளட்டும். குழுவில் பகிர்ந்த நொடியில் பதிவு வீட்டுத் தேவை என்ற விலக்கை இழக்கும் என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்து மண்ணாயின. ஓர் உயிரும் போகவில்லை. விரிசலை முன்கூட்டியே பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி, கண் எரிந்து, ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வீடுகளுக்குள் புகுந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. வைஃபை போனால் நம் கருவி வெறும் பிளாஸ்டிக். அந்த மாதிரி இரவுகளில் நம்மை எழுப்ப வருகிற கை, எதிர்வீட்டுக் கைதான். அந்த வீட்டுக்காரர்களைக் கூசிக் குறுக வைத்துவிட்டு எந்தத் திருடனிடமிருந்து எதைக் காப்பாற்றப் போகிறோம்?

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். கருவியோடு ஆப்பு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்திருந்தது. அதை அடியில் கொடுத்து லென்ஸை எங்கள் படியைப் பார்க்கச் சாய்த்தோம். போன் செயலியில் எதிர்வீட்டுக் கதவின்மேல் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தோம். ஒலிப்பதிவை அணைத்தோம். பழைய பதிவுகளை அழித்தோம். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போய்க் காட்டினேன்.

“இந்தக் கறுப்பு என் ஊடா?”

“ஆமா ஆயா.”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “உன் மாமியா பதினோரு மணிக்குத்தான் ஜன்னல் தொறக்குது. தொறக்கலன்னா நான் குரல் குடுப்பேன். அது உன் போன்ல வராது” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்தார்.

இப்போது நாளைக்கு ஐந்தாறு பதிவுதான் வருகிறது. ஆயா பழையபடி காலை நீட்டி உட்காருகிறார். ஆனாலும் யாராவது எங்கள் மணியை அழுத்தி, அதன் நீல விளக்கு எரிந்தால், ஒரு தடவை நிமிர்ந்து அதைப் பார்க்கத்தான் செய்கிறார்.