இரண்டாவது கப்பல்

கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரிக் கடற்கரை. ஆனாலும் ஊரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பல் என்பது டி.வி.யிலும் போனிலும் பார்க்கிற சங்கதிதான். அங்கே ஒரு வீட்டில், ஷோகேஸின் மேல்தட்டில் ஒரு சின்ன மரப்படகு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் ஆறு மாதம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒட்டியது. முகப்பில் இரண்டு பலகை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது. பாய்மரம் ஒரு நூலளவு சாய்வு. வருகிறவர்களுக்கு அது தெரியாது. ஒட்டியவர்களுக்கு அது மட்டும்தான் தெரியும்.

இப்போது அடுத்த பெட்டி வாங்க வேண்டும். அப்பாவின் போன் திரையில் ஹெச்.எம்.எஸ். விக்டரி. மூன்று பாய்மரம், மூன்று அடுக்குப் பீரங்கி.

“ஏங்க, இதை எங்கே வைக்கிறது?” என்கிறார் அம்மா.

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர் கேட்கத் தவறுகிற கேள்வியும் அதுதான்.

முதல் கப்பலை முடிக்க வைப்பது புதுசு என்கிற உற்சாகம். இரண்டாவதில் அந்த உற்சாகம் பாதியாகிவிடும், கையில் வித்தையும் பாதிதான் இருக்கும். பரண்மேல் தூங்குகிற பெட்டிகளில் பல இந்தக் கட்டத்தில் வாங்கியவை. விக்டரி 1765-ல் தண்ணீரில் இறங்கிய கப்பல், நூறு பீரங்கி தாங்கியது. இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கிறது. அதை 1:72 அளவில் செய்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தோடு சேர்த்து ஒன்றே கால் மீட்டரைத் தாண்டும். ஷோகேஸ் போதாது, கட்டில் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு பீரங்கி வண்டியைச் செய்வது சுகம். பத்தாவது வண்டியில் கை பழகும். நாற்பதாவதில் மனசு வேறெங்கோ போயிருக்கும். தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் வருஷக் கணக்கில் இழுக்கிற வேலை அது.

மகளுக்கு இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லை. பிளஸ் டூ முடிந்தால் சென்னையோ கோவையோ, எங்கேயோ ஹாஸ்டல்.

அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு, முதல் படகைக் கீழே இறக்கிப் பார்ப்பதுதான் சரியான தொடக்கம். அடுத்த பெட்டியை அதில் தெரிகிற குறைதான் தேர்ந்தெடுத்துத் தரும். பலகை தூக்கியிருந்தால், கப்பலின் உடம்பு இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். உடம்பு சரியாக வந்து கயிறுகள் தொங்கினால், உடம்பு எளிதாக இருந்து கயிறு கொஞ்சம் கூடுதலாக உள்ள கப்பல் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் கடினமாக்கிக்கொள்வது வீண் வம்பு.

உடம்பு என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. அடியில் ஓடுகிற முதுகெலும்புக்கு நம் கடலோரத்தில் ‘ஏரா’ என்று பெயர், விலா எலும்புகளுக்கு ‘வங்கு’, முகப்புக்கு ‘அணியம்’, கப்பல் தச்சருக்கு ‘ஓடாவி’. பெட்டியில் வருகிற ஆங்கிலக் குறிப்பைவிட இந்தச் சொற்கள் சீக்கிரம் மனசில் ஒட்டும்.

வங்குகள் மீது மெல்லிய பலகைகளை வரிசையாக ஒட்ட வேண்டும். கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. நடுவில் ஒரு பக்கம் மேலிருந்து ஏரா வரை 100 மில்லிமீட்டர் இருக்கிறது, பலகையின் அகலம் 5 மில்லிமீட்டர் என்றால் 20 பலகை. அதே 20 பலகையும் அணியத்தில் 60 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொன்றும் அங்கே 3 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். ஒரு காகிதக் கீற்றை வங்கின் மேல் சுற்றி அளந்தால் இந்தக் கணக்கு தானாக வந்துவிடும். முதல் படகில் பலகை தூக்கிக்கொண்டதற்குக் காரணம் பெரும்பாலும் பசை இல்லை, இந்த ஒடுக்கத்தைச் செய்யாததுதான். பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்கச் சொன்னால் ஒரு பலகையை நடுவழியிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். இது இரண்டாவது கப்பலில் கற்க வேண்டிய பாடம்.

இந்தப் பாடத்துக்கு எந்த முகம் ஏற்றது? கேப்டன் குக்கின் எண்டெவர் நிலக்கரி ஏற்றிய கப்பல், உப்பிய கன்னம்போல உருண்ட அணியம். பார்க்கச் சாது, பலகை வளைக்கப் போனால் படுத்தி எடுக்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1921-ல் இறங்கிய புளூநோஸ் அந்த நாட்டின் பத்து சென்ட் காசு வரை போன மீன்பிடிக் கப்பல். ஒல்லியான அணியம், இரண்டு பாய்மரம், பீரங்கி கிடையாது. பின்புற வளைவு மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். பிரிட்டிஷ் கடற்படையின் ஷெர்போர்ன், 1763-ன் கப்பல், ஒற்றைப் பாய்மரம். 1:64 அளவில் அரை மீட்டர் நீளம்தான். ஆனால் அதிலேயே நெடுக்குப் பாயும் இருக்கிறது, பருமலில் தொங்கும் குறுக்குப் பாயும் இருக்கிறது. சில பீரங்கிகளும் உண்டு, அலுக்கிற அளவுக்கு இல்லை. இரண்டாவது கப்பலுக்கு இதுபோன்ற ஒற்றைப் பாய்மரப் பெட்டியைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்த வகையில் இரட்டைப் பலகைப் பெட்டிகள் கிடைக்கின்றன. முதல் அடுக்கில் தப்பு செய்து, தேய்த்து, பட்டி பார்த்து, மேலே மெல்லிய இரண்டாவது அடுக்கை ஒட்டலாம். தப்புக்கு மன்னிப்பு உண்டு.

அளவும் முக்கியம். 1:64-ல் ஆறடி மனிதர் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. 1:24-ல் ஏழரை சென்டிமீட்டர். கண்ணாடி போட்டவர்கள் பெரிய அளவில் சின்னப் படகு செய்வதே உத்தமம். மாடல் ஷிப்வேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று சின்னப் படகுகளைத் தொடர் பாடமாகவே போட்டிருக்கிறது. முதலில் ஒரு துடுப்புப் படகு, பிறகு பாய் கட்டிய ஒரு நார்வே படகு, மூன்றாவதாக சிங்கி இறால் பிடிக்கும் படகு. ஒவ்வொன்றிலும் ஒரு புது வேலை கூடும். கம்பீரம் இல்லைதான். ஆனால் முடியும்.

பணக் கணக்கு பார்க்கும்போது பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாற்றம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கூரியர் கட்டணம், சுங்க வரி, ஜி.எஸ்.டி. மூன்றும் தலைமேல் ஏறும். பாதி விலைக்குக் கிடைக்கிற சில பெட்டிகள் பெயர்பெற்ற நிறுவனங்களின் வரைபடத்தை நகலெடுத்தவை. காணாமல்போன பாகத்தைக் கேட்டு எழுத அங்கே ஆள் இருக்காது. செய்முறைக் குறிப்பை இணையத்தில் முன்கூட்டியே தரும் நிறுவனமாக இருந்தால், வாங்கும் முன்பே அப்பாவும் மகளும் உட்கார்ந்து ஒரு முறை படித்துவிடலாம். பத்தாவது பக்கத்திலேயே தலை சுற்றினால் அந்தப் பெட்டி இந்த வருஷத்துக்கு இல்லை. மிச்சமாகும் காசில் நல்ல கவ்வி நாலும், பிளேடு மாற்றும் கத்தி ஒன்றும் வாங்கலாம். மற்றபடி ஃபெவிகால், உப்புத்தாள், துணி உலர்த்தும் கிளிப் எல்லாம் வீட்டிலேயே இருப்பவை.

ஊர் வானிலையும் கணக்கில் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் இறுக்கி ஒட்டிய பலகைகளுக்கு நடுவே கோடையில் கோடு விழும். பெட்டியைத் தரையில் வைக்கிற வேலையும் வேண்டாம். 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் தப்பினாலும் கரையான் இருக்கிறது.

தனியாகக் கிடந்து செய்ய வேண்டும் என்பதும் இல்லை. என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்வது அகில இந்திய முகாமில் ஒரு போட்டியே. புதுச்சேரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. அதில் கை பழகிய கல்லூரிப் பிள்ளைகள் யாராவது தெரிந்த வீட்டில் இருப்பார்கள், விசாரித்தால் போதும். தச்சு பற்றிக் கேட்கக் கள்ளக்குறிச்சிப் பக்கம் மரச்சிற்பக்காரர்கள் இருக்கிறார்கள். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அவர்களுடையது. எந்த மரம் வளையும், எது வெடிக்கும் என்பதைப் புத்தகத்தைவிட அவர்கள் விரல் நன்றாகச் சொல்லும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள், “நம்ம ஊர்க் கப்பல் பெட்டியில வராதாப்பா?” என்று கேட்கக்கூடும். கடையில் அப்படித் தேடிப் பிடிப்பது சிரமம். ஆனால் கப்பலுக்குப் பஞ்சமில்லை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கே ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தக் கப்பல் இருந்தது. அந்தக் காலத்துப் புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போடும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தது ‘சலங்கு’. ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கி அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். எட்மோன் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1840-களின் தொடக்கத்தில் வெளியிட்ட நூலில் நம் கரையின் சலங்கையும் கட்டுமரத்தையும் அளந்து வரைந்து வைத்திருக்கிறார். சலங்குக்கு வங்கு கிடையாது. அச்சின் மேல் பலகை வைத்து, துளை போட்டு, ஊசியால் தைக்க வேண்டும். பெட்டி இல்லாமல் படத்தைப் பார்த்துச் செய்யும் துணிச்சல் இரண்டாவது கப்பலில் வராது. மூன்றாவதில் வரலாம்.

அம்மா டேப் எடுத்து ஷோகேஸை அளக்கிறார். உள்நீளம் 58 சென்டிமீட்டர். போனில் விக்டரி மறைந்து ஒற்றைப் பாய்மரம் வருகிறது.

“பலகை ஒடுக்குற கணக்கு நான் போடுறேன்ப்பா, நீங்க சீவுங்க” என்கிறாள் மகள்.

அடுத்த வருஷம் பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு.