எதிர்நாயகன் மீதான குற்றச்சாட்டுகள்: ஒரு மறுப்பு

குறைகள் மலிந்த ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்தி, அவன் கண்வழியே உலகைக் காட்டும் புனைவுகள் வாசகரின் அறவுணர்வை மழுங்கச் செய்கின்றன என்ற கருத்து மேடைகளிலும் மதிப்புரைகளிலும் தொடர்ந்து ஒலித்துவருகிறது. இக்கருத்துடையோர் மூன்று காரணங்களை முன்வைக்கின்றனர். நாயகனுக்குரிய இடத்தில் இருந்தும் நாயகனுக்குரிய பண்புகள் வாய்க்காத இந்தப் பாத்திரம், அதாவது 'எதிர்நாயகன்', மேற்கிலிருந்து வந்த அண்மைக்கால மோகம் என்பது ஒன்று. தீயவனைப் புரிந்துகொள்ள வைப்பது அவனை மன்னிக்க வைப்பதே என்பது மற்றொன்று. தாம் செய்யத் துணியாதவற்றை அவன்வழி செய்து மகிழ்வதற்காகவே வாசகர் அவனை விரும்புகின்றனர் என்பது இன்னொன்று. நூல்களை உற்று வாசிப்பவருக்கு இம்மூன்றில் எதுவும் ஏற்புடையதாகத் தோன்றாது.

முதற்காரணத்துக்கு அரணாக, காப்பியத் தலைவன் தனக்கு ஒப்பில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்று வகுக்கும் தண்டியலங்காரம் காட்டப்படுவதுண்டு. வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவிய அந்த அணியிலக்கணம் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சிலப்பதிகாரம் தோன்றிவிட்டது. அதில் வரும் கோவலன் மணந்தவளைத் தனியே தவிக்கவிட்டு மாதவியின் மனையில் வாழ்ந்தவன், முன்னோர் ஈட்டிய பெரும்பொருளைத் தொலைத்தவன், கானல்வரியில் ஒரு பாட்டின் பொருளைத் தவறாகக் கொண்டு அந்த மாதவியையும் விட்டு நீங்கியவன். தலைமை கண்ணகிக்கே உரியது, கோவலன் தலைவன் அல்லன் என்று விடை கூறுவோர் அடைக்கலக் காதை அமைந்திருக்கும் இடத்தைக் கருதவேண்டும். மதயானையின் பிடியிலிருந்து முதிய அந்தணரை மீட்டவன், பிறர் துயர் துடைக்கத் தன் உயிரையே கொடுக்க முன்வந்தவன் என்று மாடலன் என்னும் மறையோன் வாயிலாகக் கோவலனின் நற்செயல்கள் அங்கேதான் சொல்லப்படுகின்றன. அதற்கு அடுத்தது கொலைக்களக் காதை. குறைகளை முன்னும் நிறைகளைப் பின்னுமாக அறிந்துகொண்ட நிலையில், இவனை வெறுப்பதா இவனுக்காக இரங்குவதா என்று வாசகர் முடிவுசெய்யுமுன் இளங்கோவடிகள் அவனை வெட்டுண்டு விழச் செய்கிறார். சாவதற்குச் சற்றுமுன் கோவலன் தானே தன் தவறுகளைக் கண்ணகியிடம் எண்ணிச் சொல்கிறான். அவளும் அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதை மறைக்காமல் கூறிவிட்டு, அவனுடன் புறப்பட்டுவந்த காரணத்தைச் சொல்கிறாள். எதிர்நாயகனுக்கு உரியவை என்று இன்று கருதப்படும் கூறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டு காதைகளிலேயே அமைந்துகிடக்கின்றன. 1864இல் வெளியான 'நிலவறைக் குறிப்புகள்' நூலில் தஸ்தயேவ்ஸ்கி தம் கதைசொல்லியை எதிர்நாயகன் என்று பெயரிட்டே சுட்டியதும், மனத்தின் உள்ளோட்டத்தை நேரே எழுதிக்காட்டும் உத்தி ஐரோப்பிய நாவல்வழித் தமிழுக்கு வந்ததும் உண்மையே. வந்தது உத்தி, அத்தகைய மனிதன் இங்கே முன்பே இருந்தான்.

இரண்டாம் காரணம் மூன்றிலும் வலுவானது. நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது என்பதால் மதிப்புடன் எதிர்கொள்ளத்தக்கது. ஜெயமோகன் 2003இல் எழுதிய 'ஏழாம் உலகம்' நாவலை அதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அதன் மையப்பாத்திரமான போத்திவேலுப் பண்டாரம் உடற்குறை உடையோரைச் சேர்த்து, கோயில் வாசல்களில் உட்காரவைத்துப் பிச்சையெடுக்கச் செய்து, அந்த வருவாயில் குடும்பம் நடத்துபவர். அவர்களை வாங்குவதும் விற்பதும் அவருக்கு வணிகம். அவர்களை அவர் குறிக்கும் சொல் 'உருப்படி'. அதே மனிதர் முருகபக்தர்; தம் பெண்மக்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர்; அவர்களுக்கு நகை சேர்ப்பதிலும் வரன் பார்ப்பதிலும் எந்த நடுத்தரக் குடும்பத் தந்தையும் படும் கவலைகளைப் படுபவர். பண்டாரத்தைப் பல்லை நறநறவெனக் கடிக்கும் கொடியவராக வரைந்திருந்தால், இவர் வேறு இனம், தாம் வேறு இனம் என்று வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பார். மகளுக்காக உருகும் நெஞ்சு, உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மையின் பிள்ளைப்பேற்றை வரவுக்கணக்காக மட்டும் காண்பதைப் படிக்கும்போதோ, பாசமும் கொடுமையும் ஒரே வீட்டில், ஒரே மனத்தில், ஒன்றையொன்று உறுத்தாமல் குடியிருக்க முடியும் என்ற உண்மை வாசகருக்குத் தெரியவருகிறது. ஒரு சொல்லால் மனிதரைப் பொருளாக்கிவிட்டால் மனச்சான்று உறங்கிவிடும் என்பதை எந்த அறநூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. பண்டாரத்தின் செயல் எப்படி நிகழ்கிறது என்று விளங்கிய பின்னர் அதன் மீதான தீர்ப்பு கடுமையாகிறதே அன்றி இளகுவதில்லை.

மூன்றாம் காரணத்தைப் பற்றி நெடிது பேசவேண்டியதில்லை. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தன் என்னும் பாலியல் தொழில் தரகனின் ஒருநாள் வாழ்க்கையைச் சொல்வது. குடியும் காவல்துறையின் கெடுபிடியும் நாளையைப் பற்றிய நிச்சயமின்மையும் நிறைந்த அந்த நாளில் பொறாமைப்படத்தக்கது எதுவுமில்லை. 1866இல் தொடராக வெளிவந்த, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் ஆறு பாகங்களில் கொலை முதற்பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஐந்திலும் கொலைசெய்த ரஸ்கோல்னிகோவ் காய்ச்சலாலும் அச்சத்தாலும் மனித உறவுகளிலிருந்து அறுபட்ட தனிமையாலும் வாடுகிறான். வட்டிக்காரியைக் கொன்றால் உலகுக்கு நன்மையே என்ற அவன் வாதத்தைத் தம் அறிவால் மறுக்கவேண்டிய கட்டாயம் வாசகருக்கு நேர்கிறது. அந்த உள்வாதமே ஈர்ப்பின் ஊற்று. குற்றமற்ற நாயகனுடன் வாசகர் உடன்பட்டே செல்கிறார், வழக்காட அவருக்கு அங்கே இடமில்லை.

எதிர்நாயகன் என்ற பெயரில் வெளிவரும் எல்லாமே இத்தகுதி உடையவை என்று இதனால் ஆகிவிடாது. கத்தி ஏந்தியவனின் நடைக்கு இசை சேர்த்து, அவன் கையால் மடிவோருக்கு முகமோ பெயரோ கொடுக்காத திரைப்படங்கள் பல உண்டு. அவற்றால் விளையும் தீங்கை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அத்தீங்கு நாயகனின் குறையிலிருந்து பிறப்பதன்று. அவனால் துன்புற்றோரைக் கதையிலிருந்து அகற்றிவிடுவதால் பிறப்பது. 'ஏழாம் உலக'த்தின் உருப்படிகள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள், கேலி செய்கிறார்கள், அன்பு கொள்கிறார்கள். பண்டாரம் அவர்களைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தை அவர்கள் பேச்சு பக்கந்தோறும் உடைக்கிறது. மதிப்புரை எழுதுவோரும் பாடநூலுக்குக் கதை தேர்வோரும் நாயகன் நல்லவனா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவனால் நலிந்தோருக்கு அந்நூலில் வாய்திறந்து பேச இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.