ஒரு நூல், மூன்று பூட்டு, இருபது அலைவு



பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றாலே வீட்டில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். தெர்மாகோல் வாங்க அப்பா தியாகராய நகருக்கு ஓடுவார். அம்மா இரவு பதினொரு மணிவரை வண்ணத்தாள் வெட்டி ஒட்டுவார். மறுநாள் அந்த 'புராஜெக்ட்' பிள்ளையின் பெயரைத் தாங்கி மேசையில் ஏறி உட்காரும்! சில வீடுகளில் இந்தச் சிரமம்கூட இல்லை. எரிமலையோ, காற்றாலையோ, முழுதாகச் செய்தே விற்கிறார்கள். பணம் கொடுத்தால் போதும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்படி வாங்கிவந்த காற்றாலை கண்காட்சி அன்று சுற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சுற்றவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது அல்லவா? நம் கையால் செய்தால்தான் ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பது புரியும். செய்தால் மட்டும் போதாது. அளந்து, மாற்றி, மறுபடியும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். வண்ண விளக்குகள் மினுக்கும் மாதிரிகளைச் சுற்றி ஒரே கூட்டம். மூலையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவள் மேசையில் இருந்தவை ஒரு நூல், மூன்று சின்னப் பூட்டுகள், ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான்.

"இது என்னம்மா?" என்றேன்.

"தனி ஊசல் சார். எடையைக் கூட்டினா ஆடுற நேரம் மாறுமான்னு பார்த்தேன்."

"மாறுமா?"

"மாறாதுன்னு புத்தகத்துல இருக்கு சார். ஆனா எனக்கு மாறிடுச்சு!"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 25 செ.மீ. நூலில் ஒரு பூட்டைக் கட்டி ஆட்டினால் 20 அலைவுக்கு 20 வினாடி. அந்தப் பூட்டில் இன்னொன்று, அதில் மற்றொன்று என மூன்றையும் சங்கிலிபோல் கோத்துத் தொங்கவிட்டபோது 22 வினாடி! வேறு யாராவது இருந்தால் 22-ஐ அழித்துவிட்டுப் புத்தகத்துக்குப் பொருந்த 20 என்று எழுதியிருப்பார்கள். இந்தப் பெண் அழிக்கவில்லை. மூன்று நாள் விடாமல் செய்து பார்த்திருக்கிறாள். கடைசியில் பிடிபட்டது. பூட்டின் கீழ் பூட்டு தொங்கியதால் எடையின் மையம் கீழே இறங்கிவிட்டது. அதாவது, அவளுக்குத் தெரியாமலே ஊசலின் நீளம் கூடிவிட்டது! பிறகு மூன்றையும் ஒரே முடிச்சில் பக்கம் பக்கமாகக் கட்டினாள். மறுபடியும் 20 வினாடி வந்தது. நோட்டில் அந்த 22 அப்படியே இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் காரணமும் இருந்தது.

பரிசு என்னவோ விளக்கு எரிந்த மேசைக்குத்தான் போயிற்று. ஆனால் அன்று அந்த அரங்கத்தில் உண்மையாகவே இயற்பியல் செய்தவள் இவள்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த ஊசலுக்கும் நம் சென்னைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, தெரியுமா? நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, அதே வளாகத்தில் 1792-ல் ஒரு வானாய்வகம் கட்டி முடித்தார்கள். தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர், 1821-ல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஊசலை இங்கே ஆடவிட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு மூட்டை கட்டவில்லை. திரும்பத் திரும்ப எண்ணினார். வெயிலில் உலோகம் நீளுமே, அதனால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்.

எதற்காக இத்தனை பாடு? ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்லச் சரியாக 1 வினாடி எடுக்கும் ஊசலுக்கு 'வினாடி ஊசல்' என்று பெயர். லண்டனில் அதன் நீளம் சுமார் 99.4 செ.மீ. சென்னையில் சுமார் 99.1 செ.மீ. வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர்! பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில், அதாவது நிலநடுக்கோட்டுப் பக்கம், சற்றே பருத்திருக்கிறது. தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. அதனால் லண்டனைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் பூமியின் ஈர்ப்பு ஒரு துளி குறைவு. லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், நாளொன்றுக்குச் சுமார் 2 நிமிடம் பின்தங்கிப்போகும். பூமியின் வடிவத்தையே ஓர் ஊசல் சொல்லிவிடுகிறது, பார்த்தீர்களா! அவசரப்பட்டு ஒரே ஒருமுறை அளந்திருந்தால் அந்த 3 மில்லிமீட்டர் கண்ணில் பட்டிருக்குமா?

சரி, இப்போது உங்கள் முறை. ஒரு கெட்டி நூல், ஒரு சின்னப் பூட்டு அல்லது இரும்பு நட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியிலோ கதவுக் கொக்கியிலோ நூலைக் கட்டுங்கள். கட்டிய இடத்திலிருந்து எடையின் நடுப்பகுதிவரை 1 மீட்டர் இருக்கட்டும். எடையைச் சுவரில் இடிக்காதபடி, ஒரு சாண் தூரத்துக்குள் இழுத்து, தள்ளாமல் மெதுவாக விட்டுவிடுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கிவிடாதீர்கள்! அப்போது 'பூஜ்யம்'. திரும்பி வந்ததும்தான் 'ஒன்று'.

20 அலைவுக்கு ஏறக்குறைய 40 வினாடி வரும். ஏன் 20 என்று கேட்கிறீர்களா? கடிகாரத்தை அழுத்தும்போது கை சற்று முந்தும், சற்றுப் பிந்தும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அந்தப் பிழை முழுவதும் அதன் தலையில் விழும். 20 அலைவு என்றால் பிழை இருபதாகப் பங்கு போட்டுக்கொள்ளப்படும்.

அடுத்து நூலைப் பாதியாக்கி 50 செ.மீ. வையுங்கள். 20 வினாடி வருமா? முதலில் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு அளந்து பாருங்கள். 28-க்குப் பக்கத்தில் வரும்! 40 வினாடி பாதியாகி 20 ஆக வேண்டுமானால், நூலை நான்கில் ஒரு பங்காக, அதாவது 25 செ.மீ. ஆக, குறைக்க வேண்டும். புத்தகத்தில் சூத்திரமாகப் படிப்பதைவிட இப்படிக் கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் மறக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நீளத்தை மாற்றினால் எடையைத் தொடாதீர்கள். எடையை மாற்றினால் நீளத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள். எதிர்பாராத எண் வந்தால் அழிக்காதீர்கள். நம் எட்டாம் வகுப்புப் பெண்ணின் 22-ஐப் போல, அந்த எண் உங்களிடம் ஏதோ சொல்ல வந்திருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் செய்தது கோணலாக இருந்தால் இருக்கட்டும். கத்தரிக்கோலையும் பசையையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, மதிப்பெண் போடும்போது மாதிரியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். "எத்தனை தடவை சோதித்தாய்? எங்கே இடித்தது?" என்று கேளுங்கள். கடையில் வாங்கிவந்த காற்றாலை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

குழந்தைகளே, இன்று மாலை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கோ, உங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கோ போனால் ஊஞ்சலைக் கவனியுங்கள். அண்ணன் உட்கார்ந்து ஆடும்போது பத்து அலைவுக்கு எத்தனை வினாடி? குட்டித் தங்கை உட்கார்ந்து ஆடும்போது எத்தனை? அண்ணன் எழுந்து நின்று ஆடினால்? யாரும் தள்ளிவிடக் கூடாது, சொல்லிவிட்டேன்! போகும்போது நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.