புயல் படத்தில் எல்லோரும் பார்த்தது ஒரே கோட்டை

அமெரிக்காவில் சூறாவளிக் காலம் வந்துவிட்டால் வானிலை ஆர்வலர்களுக்குத் தூக்கமில்லை. புதிய கணினிக் கணிப்பு வந்ததும், புயல் எங்கே கரையைக் கடக்கும் என்ற விவாதம் தொடங்கிவிடும். அமெரிக்கக் கணிப்பா, ஐரோப்பியக் கணிப்பா என்று கட்சி பிரிவதும் உண்டு.

2022 செப்டம்பரில் இயன் சூறாவளி புளோரிடாவை நெருங்கியபோது பேச்செல்லாம் டாம்பா நகரைப் பற்றியே இருந்தது. தேசிய சூறாவளி மையத்தின் கூம்பு வடிவப் படத்தில் தெற்கேயுள்ள லீ கவுண்டியும் இருந்தது, ஆனால் ஓரத்தில். பலரின் கண் நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டது. லீ கவுண்டியில் வெளியேறும் உத்தரவே 27ஆம் தேதி காலையில்தான் வந்தது. மறுநாள் பிற்பகல், மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் புயல் அங்கேயே, காயோ கோஸ்டா தீவில் கரையேறியது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல்நீர் 10 அடிக்கு மேல் ஏறி வீடுகளை வாரிச் சென்றது. அமெரிக்காவில் மட்டும் 150க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்தக் கூம்பு, புயலின் மையம் போகக்கூடிய வழியை மட்டுமே காட்டுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை மையம் அதற்கும் வெளியே போய்விடும். மழையோ கடல்நீரோ எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில் இல்லவே இல்லை.

ஆர்வலர்களில் விவரமறிந்தவர்கள் இதைச் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் கைமாறிப் போவது படம்தான். அதோடு எழுதிய எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும் புயல் படங்களும் அப்படித்தான் வருகின்றன. கடலோர வீட்டில் தனியாக இருக்கும் உம்மாவை இன்றே அழைத்து வருவதா என்று முடிவெடுக்க, கரை கடக்கும் புள்ளி உதவாது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எவ்வளவு வரும் என்றுதான் கேட்க வேண்டும்.